எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ: ஸ்கோர் எங்கே கைகொடுக்கும், எங்கே கொடுக்காது?

பத்துப் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு எம்பிஏ படிக்கலாம் என்று கிளம்புகிறவர்களில் நிறையப் பேர் முதலில் செய்வது ஜிமேட் என்ற எம்பிஏ நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங்கில் பணம் கட்டுவதுதான். எந்தப் படிப்பு, எந்தப் பள்ளி, அங்கே தேர்வு கேட்கிறார்களா, கேட்டால் அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதெல்லாம் அப்புறம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த வரிசையை மாற்றிப் போட்டாலே பல மாத உழைப்பு சரியான இடத்தில் போய் விழும். சிலருக்குத் தேர்வே எழுத வேண்டியிருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். அனுபவஸ்தர்களுக்கான படிப்பில் ஸ்கோர் ஒரே ஒரு சந்தேகத்துக்குத்தான் பதில் சொல்கிறது: "இவர் புத்தகத்தை மூடி இத்தனை வருடம் ஆகிறது, முதல் டெர்மில் புள்ளியியல், அக்கவுன்டிங், ஃபைனான்ஸ் எல்லாம் சேர்ந்து வரும்போது தாக்குப்பிடிப்பாரா?" நீங்கள் நல்ல மேனேஜரா, வகுப்பில் மற்றவர்களுக்கு உங்களால் என்ன லாபம், இந்தப் படிப்பு உங்களுக்கு இப்போது எதற்கு என்பதையெல்லாம் ஸ்கோர் சொல்லாது, அதற்கு வேலை அனுபவமும் கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் இன்டர்வியூவும் இருக்கின்றன. ஆகவே உங்கள் விண்ணப்பத்தைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் எவ்வளவு பலமாக எழுமோ, அந்த அளவுக்குத்தான் ஸ்கோர் உங்களுக்கு முக்கியம். கீழே வருவது எல்லாமே இந்த ஒரு கணக்கிலிருந்து பிறப்பதுதான்.

1. எந்த வகைப் படிப்பு என்று முதலில் பிரியுங்கள்

"எக்ஸிகியூட்டிவ்" என்ற பெயரில் நம் ஊரில் குறைந்தது மூன்று வகை ஓடுகிறது, மூன்றிலும் ஸ்கோரின் எடை வேறு.

ஒன்று, வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் முழுநேரமாகப் படிப்பது. அகமதாபாத் ஐஐஎம்மின் பிஜிபிஎக்ஸ், பெங்களூரு ஐஐஎம்மின் இபிஜிபி, கல்கத்தா ஐஐஎம்மின் எம்பிஏஎக்ஸ் எல்லாம் இந்த வகை. பட்டம் முடித்தபின் குறைந்தது நான்கைந்து வருட அனுபவம் கேட்பார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதை எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ என்று சொல்லமாட்டார்கள், ஒரு வருட எம்பிஏ என்பார்கள். இங்கே ஸ்கோர் கனமான விஷயம். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பகுதி இன்ஜினியர்கள், பலருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஐடி அனுபவம், எனவே கூட்டத்தில் ஆளைப் பிரித்துப் பார்க்க முதலில் கண்ணில் படுவது ஸ்கோர்தான். பழைய ஜிமேட் அளவில் 700ஐ ஒட்டித்தான் இந்த வகுப்புகளின் சராசரி பேசப்பட்டு வந்தது. சராசரி என்றால் அதற்குக் கீழே இருப்பவர்களும் உள்ளே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, வேலையில் இருந்துகொண்டே சனி ஞாயிறு அல்லது மாதத்துக்கு ஒரு தொகுதியாகப் படிப்பது. உலகம் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ என்று சொல்வது இதைத்தான். 1943ல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கி வைத்த வடிவம் இது. வார்ட்டன், கெலாக், கொலம்பியா, லண்டன் பிசினஸ் ஸ்கூல், இன்சியாட் எல்லாம் இதை நடத்துகின்றன. இந்தியாவில் பெங்களூரு ஐஐஎம்மின் பிஜிபிஇஎம், கோழிக்கோடு ஐஐஎம்மின் இபிஜிபி, சென்னையில் ஐஐடி மெட்ராஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, சென்னையிலேயே வகுப்பு நடத்தும் திருச்சி ஐஐஎம்மின் படிப்பு என்று வரிசை நீளும். இங்கே ஸ்கோரின் எடை குறைவு, அனுபவத்தின் எடை அதிகம்.

மூன்றாவது, சில மாத ஆன்லைன் சான்றிதழ்கள். பெரிய பள்ளியின் பெயர் இருக்கும், இடையில் ஒரு ஆன்லைன் கல்வி நிறுவனம் இருக்கும், தேர்வு எதுவும் இருக்காது, பணம் கட்டினால் பெரும்பாலும் இடம் உண்டு. கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு இதில் தப்பில்லை. ஆனால் விற்பனைக்காக போன் செய்பவர் "சார், ஜிமேட்டே வேண்டாம், எம்பிஏவுக்குச் சமம்" என்று சொன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: முடித்ததும் கையில் தருவது பட்டமா, டிப்ளமாவா, சான்றிதழா? பதிலை மெயிலில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக் கடனுக்கு நடுவில் சேர்த்த பணத்தை இந்த வித்தியாசம் தெரியாமல் கட்டிவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

2. பள்ளியின் விதியைப் படியுங்கள், பிறகு தேர்வைப் பற்றி யோசியுங்கள்

நான்கைந்து பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் இந்த வருடச் சேர்க்கைப் பக்கத்தையும் திறந்து, ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தத் தேர்வுகளை ஏற்கிறார்கள், கட்டாயமா விருப்பமா, விலக்கு உண்டா, சொந்த நுழைவுத் தேர்வு உண்டா, பழைய ஸ்கோர் எந்தத் தேதி வரை செல்லும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுகின்றன, ஆகவே போன பேட்ச் நண்பர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கெலாக்கின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பொதுவாகத் தேர்வு ஸ்கோர் கேட்பதில்லை. கோழிக்கோடு ஐஐஎம் இமேட் என்ற தன் சொந்தத் தேர்வை வைக்கிறது. பெங்களூரின் பிஜிபிஇஎம்முக்கு ஐஐஎம்பி நடத்தும் தேர்வையும் எழுதலாம், ஜிமேட் போன்ற ஸ்கோரையும் காட்டலாம். ஐஐடி மெட்ராஸும் சொந்த நுழைவுத் தேர்வு, பிறகு இன்டர்வியூ என்ற வழியில்தான் எடுக்கிறது. அதாவது சென்னையில் வேலையை விடாமல் படிக்க வேண்டும் என்பதுதான் உங்கள் திட்டம் என்றால், ஜிமேட்டைத் தொடாமலே இந்தப் பயணம் முடிந்துவிடலாம். வெளிநாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்கும், அகமதாபாத் மாதிரி ஒரு வருட முழுநேரப் படிப்புக்கும் ஏதாவது ஒரு தேர்வு ஸ்கோர் இல்லாமல் நடக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வார இறுதிப் படிப்புகள் ஏன் ஸ்கோரில் இவ்வளவு தாராளமாக இருக்கின்றன என்று கேட்பவர்களுக்கு: ஒரு காரணம் தரவரிசை. அமெரிக்காவின் யுஎஸ் நியூஸ் முழுநேர எம்பிஏவைத் தரவரிசைப்படுத்தும்போது மாணவர்களின் ஜிமேட் ஸ்கோரையும், ஜிஆர்இ என்ற மேற்படிப்புக்கான பொதுத் தேர்வின் ஸ்கோரையும் கணக்கில் எடுக்கிறது, அதனால் அங்கே பள்ளிகள் சராசரியைக் கீழே விடப் பயப்படுகின்றன. ஃபைனான்ஷியல் டைம்ஸின் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பட்டியலில் ஸ்கோர் ஒரு அளவுகோலே கிடையாது. சம்பளம், பதவி உயர்வு, வேலை அனுபவம் போன்றவைதான் அங்கே பேசும். பள்ளியின் கண் எங்கே இருக்குமோ அங்கேதான் சேர்க்கைக் குழுவின் கண்ணும் இருக்கும்.

3. உங்கள் ஃபைலை ஒரு அந்நியர் படிப்பதுபோலப் படியுங்கள்

பட்டப்படிப்பு மதிப்பெண் பட்டியல், ரெஸ்யூமே இரண்டையும் மேஜையில் வைத்து, உங்களைத் தெரியாத ஒருவர் இதைப் பார்த்தால் எண்களில் இவர் எப்படி என்று நினைப்பார் என்று கேளுங்கள்.

இன்ஜினியரிங்கில் எம்-1, எம்-2 கணிதத் தாள்களில் அரியர் வைத்து எழுதியவரா? பட்டியலில் அது அப்படியே தெரியும். பதினைந்து வருடத்துக்கு முந்தைய கதைதானே என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் சேர்க்கைக் குழுவிடம் உங்கள் படிப்பைப் பற்றி இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். இப்போது எழுதும் தேர்வின் குவான்ட், அதாவது கணக்குப் பகுதியில் ஒரு நல்ல ஸ்கோர் அந்தப் பழைய பக்கத்துக்குப் புதிய பதில். உங்களுக்கு ஸ்கோர் மிக முக்கியம். தேர்வு விருப்பம்தான் என்று பள்ளி சொன்னால்கூட எழுதுங்கள்.

தமிழ் இலக்கியம், வரலாறு, சட்டம், ஹெச்ஆர், ராணுவம், மருத்துவம் பக்கமிருந்து வருபவரா? மதிப்பெண் நன்றாகவே இருந்தாலும் எண்களோடு பழகிய சுவடு குறைவு. உங்களுக்கும் ஸ்கோர் உதவும், மிக உயர்ந்த ஸ்கோர் தேவையில்லை, குவான்ட் பகுதி கவலைப்படும்படி இல்லாமல் இருந்தால் போதும்.

சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், சிஎம்ஏ, புள்ளியியலில் முதுகலை, வங்கியில் கிரெடிட் பிரிவு, பெரிய பட்ஜெட்டைச் சொந்தப் பொறுப்பில் நடத்தியவர் என்றால் அந்தச் சந்தேகம் எழுவதே குறைவு. பள்ளி விலக்கு தருகிறது என்றால் தயங்காமல் கேளுங்கள்.

விலக்குக் கடிதம் எழுதும்போது ஒன்று கவனியுங்கள். "எனக்கு வேலைப்பளு அதிகம், படிக்க நேரமில்லை" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது, ஏனென்றால் தேர்வுக்கே நேரமில்லாதவர் இரண்டு வருடப் படிப்புக்கு எங்கிருந்து நேரம் எடுப்பார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதற்குப் பதிலாக நீங்கள் கையாண்ட எண்களை எழுதுங்கள்: எத்தனை கோடி பட்ஜெட், எந்த மாதிரி ஃபோர்காஸ்ட், அந்தக் கணக்கை வைத்து என்ன முடிவு எடுத்தீர்கள், விளைவு என்ன. இரண்டு பத்தி போதும்.

4. எந்தத் தேர்வு?

மூன்று பெயர்கள் அடிக்கடி வரும்: ஜிமேட், ஜிஆர்இ, எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட். இந்தியப் பள்ளிகள் சிலவற்றில் கேட், எக்ஸாட் ஸ்கோரும் செல்லும். ஆனால் கேட் வருடத்துக்கு ஒரு முறை, நவம்பர் கடைசியில்தான் வரும். ஆபீஸில் ஆடிட், ரிலீஸ் என்று மாட்டிக்கொண்டால் ஒரு வருடமே போய்விடும். வேலையில் இருப்பவருக்கு, தேதியைத் தானே தேர்ந்தெடுக்க முடிகிற தேர்வுதான் தோது.

எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்பது ஜிமேட்டை நடத்தும் அதே ஜிமேக் அமைப்பு அனுபவஸ்தர்களுக்காகவே 2016ல் கொண்டுவந்தது. 90 நிமிடம், 40 கேள்வி, மூன்று பகுதி. ஸ்கோர் 100 முதல் 200 வரை. 200க்குப் பக்கத்தில் யாரும் போவதில்லை, 150ஐ ஒட்டி எடுத்தால் வசதியான இடம் என்று பொதுவாகப் பேசுவார்கள். ஜிமேட்டைவிடத் தயாரிப்பு குறைவு. நீங்கள் குறிவைத்திருக்கும் பள்ளிகள் எல்லாமே இதை ஏற்கின்றன என்றால் இதைத்தான் எழுதச் சொல்வேன். ஒரு பள்ளியாவது ஏற்காது என்றால், அல்லது முழுநேரப் படிப்புக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், ஜிமேட் பக்கம் போங்கள்.

ஜிமேட் இப்போது பழைய ஜிமேட் இல்லை. 2024 ஜனவரியோடு பழைய வடிவம் நின்றுவிட்டது. இப்போது இரண்டேகால் மணி நேரம், 64 கேள்வி, குவான்ட், வெர்பல் (ஆங்கில வாசிப்பும் தர்க்கமும்), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை அலசுவது) என்று மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஜியாமெட்ரி போய்விட்டது, கட்டுரை போய்விட்டது, ஆங்கில இலக்கணத்தைச் சோதித்த சென்டன்ஸ் கரெக்‌ஷனும் போய்விட்டது. பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய கைடு வாங்கினால், இல்லாத கேள்விக்கு மாதக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்கோர் அளவும் மாறிவிட்டது: 205 முதல் 805 வரை, எல்லா ஸ்கோரும் 5ல் முடியும். புதிய 645, பழைய 700க்கு ஏறக்குறைய சமம். இதைத் தெரியாமல் "645தானே வந்திருக்கிறது" என்று மனம் உடைந்து மறுபடி எழுதப் பணம் கட்டுபவர்கள் உண்டு. பழைய வடிவில் எழுதிய ஸ்கோர் உங்களிடம் இருந்தால் தேதியைப் பாருங்கள், எழுதிய நாளிலிருந்து ஐந்து வருடம் செல்லும்.

ஜிஆர்இ? ஆங்கிலச் சொல்வளம் நன்றாக உள்ளவர்களுக்கு அது சுலபம். மற்றபடி அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை.

5. டேட்டா இன்சைட்ஸை அலட்சியம் செய்யாதீர்கள்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வேலை அனுபவம் உள்ளவர்கள் "நான் தினமும் எக்செல்லில்தான் வாழ்கிறேன், இதைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடும் பகுதி இது, மார்க் போவதும் இங்கேதான். இதில் ஒரு வகைக் கேள்வி விடையைக் கேட்காது, விடை கண்டுபிடிக்கத் தகவல் போதுமா என்று கேட்கும். ஒரு மாதிரி:

ஒரு கடையின் இந்த மாத லாபம் எவ்வளவு?
கூற்று ஒன்று: இந்த மாதச் செலவு, விற்பனையில் 75 சதவீதம்.
கூற்று இரண்டு: இந்த மாத விற்பனை, போன மாதத்தைவிட 2 லட்சம் அதிகம்.

கடை நடத்திப் பழகியவரின் மூளை உடனே "அப்படியானால் மார்ஜின் 25 சதவீதம், விற்பனை ஒரு எட்டு லட்சம் இருக்குமா" என்று ஓட ஆரம்பிக்கும். முதல் கூற்று விகிதத்தைத் தருகிறது, தொகை தரவில்லை. இரண்டாவது வித்தியாசத்தைத் தருகிறது, போன மாத விற்பனை எவ்வளவு என்று சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்தாலும் ரூபாயில் லாபம் கிடைக்காது. விடை: தகவல் போதாது. இதைச் சொல்ல ஒரு கணக்குகூடப் போட வேண்டியதில்லை. ஆபீஸில் இல்லாத எண்ணை அனுபவத்தால் நிரப்புவது திறமை, இந்தத் தேர்வில் அதே பழக்கம் காலை வாரும். இப்படி ஒரு ஐம்பது கேள்வி, தப்பு எங்கே வந்தது என்று எழுதி வைத்துக்கொண்டே போட்டுப் பாருங்கள், மூளை தானாக வழிக்கு வரும்.

6. இலக்கை எப்படி வைப்பது

பள்ளி வெளியிடும் சராசரியைப் பாருங்கள், சேர்ந்தவர்களில் நடு 80 சதவீதம் பேரின் ஸ்கோர் எந்த எல்லைக்குள் என்று சொல்லியிருந்தால் அதையும் பாருங்கள். ஒரு வருட முழுநேரப் படிப்பு, நீங்கள் ஐடி இன்ஜினியர் என்றால் சராசரிக்கு மேலேயே குறிவையுங்கள், உங்களைப் போன்ற விண்ணப்பங்கள் அடுக்கடுக்காக வரும். வார இறுதிப் படிப்பு என்றால் அந்த எல்லைக்குள் வந்தாலே போதும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பத்து மார்க்கும் தரும் லாபம் வேகமாகக் குறையும். அந்த வாரங்களைக் கட்டுரைக்குச் செலவிடுங்கள்.

மொத்த ஸ்கோரை மட்டும் பார்க்காமல் பகுதிகளையும் பாருங்கள். நம் ஆட்கள் பலருக்கு குவான்ட் உயரமாகவும் வெர்பல் பள்ளமாகவும் இருக்கும். வகுப்பில் வாரத்துக்கு நூறு பக்கம் கேஸ் (நிறுவனங்களின் அனுபவக் கதைகள்) படித்து விவாதிக்க வேண்டிய இடத்தில் அந்தப் பள்ளம் உறுத்தும். மொத்தம் கொஞ்சம் குறைந்தாலும் எல்லாப் பகுதியும் சமமாக இருப்பது நல்லது.

7. தேதி குறிப்பதும் தயாராவதும்

பதிவு செய்யும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பெயரைப் பாருங்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். ஒரு இடத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில், சான்றிதழில் இன்னொரு மாதிரி. தேர்வுக்குப் பதிவு செய்யும் பெயர் அடையாள அட்டையோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும். பாஸ்போர்ட் காலாவதித் தேதியையும் அப்போதே பாருங்கள்.

விண்ணப்பக் கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மறுபடி ஒரு முறை எழுத இடம் விட்டு முதல் தேதியைப் போடுங்கள். ஜிமேட்டில் இரண்டு முயற்சிகளுக்கு இடையே 16 நாள் இடைவெளி கட்டாயம். முதலில் ஜிமேக் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வை, எதையும் படிக்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதிப் பாருங்கள். இலக்குக்கும் அதற்கும் உள்ள தூரம்தான் கோச்சிங் வேண்டுமா இல்லையா என்பதைச் சொல்லும். தூரம் குறைவு என்றால் அதிகாரபூர்வக் கேள்வித் தொகுப்பு மட்டும் போதும். வேலை முடிந்து இரவு பத்து மணிக்குக் களைப்போடு உட்கார்வதைவிட, விடியற்காலை ஒரு மணி நேரம் தினமும் என்பது நிலைக்கும். குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது என்பதால் பெருக்கல், பின்னம், சதவீதம் கையால் போட்டுப் பழகுங்கள். கடைசிக் கேள்விகளை எழுதாமல் விட்டால் ஸ்கோர் அடிபடும், நேரம் தீர்ந்தால் ஊகித்தாவது முடியுங்கள்.

"உங்களுக்காக நாங்கள் ஸ்கோர் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் பதில்கூடப் போடாதீர்கள். மையங்களில் உள்ளங்கை நரம்பைக்கூட ஸ்கேன் செய்கிறார்கள். பிடிபட்டால் ஸ்கோர் ரத்தாகும், பள்ளிகளுக்கும் தகவல் போகும், பத்து வருடம் சம்பாதித்த பெயர் போய்விடும்.

8. ஸ்கோர் வந்தபிறகு

நினைத்தது வந்துவிட்டதா, அத்தோடு தேர்வை மறந்துவிடுங்கள். இன்னும் இருபது மார்க் ஏற்றலாம் என்று மறுபடி உட்கார வேண்டாம்.

குறைவாக வந்துவிட்டதா? முதலில் மாதிரித் தேர்வு ஸ்கோரோடு ஒப்பிடுங்கள். மாதிரியில் தொடர்ந்து அதிகமாக எடுத்து, அன்றைக்கு மட்டும் சரிந்திருந்தால் ஒரு மாதத்துக்குள் மறுபடி எழுதுங்கள். மாதிரியிலும் அதே அளவுதான் என்றால், தயாரிக்கும் முறையை மாற்றாமல் திரும்ப எழுதுவது பணத்துக்குக் கேடு. புதிய ஜிமேட்டில் ஸ்கோரைப் பார்த்தபின்தான் எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்று நீங்கள் முடிவு செய்யலாம், மோசமான முயற்சி யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை.

மறுபடி எழுத நேரமே இல்லை, குவான்ட் மட்டும் பலவீனம் என்ற நிலையில், நல்ல பல்கலைக்கழகம் ஒன்றின் புள்ளியியல் அல்லது அக்கவுன்டிங் ஆன்லைன் படிப்பை மார்க்கோடு முடித்து விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள். கூடுதல் தகவல் எழுதும் இடத்தில் மூன்று நான்கு வரி போதும்: ஸ்கோர் இது, நான் தினமும் செய்யும் எண் சார்ந்த வேலை இது, இந்தப் படிப்பில் எடுத்த மார்க் இது. பரிந்துரை எழுதும் மேலதிகாரியிடமும் சொல்லி வையுங்கள், "நல்ல உழைப்பாளி" என்று எழுதுவதற்குப் பதிலாக நீங்கள் போட்ட ஒரு கணக்கை, எடுத்த ஒரு முடிவை அவர் எழுதினால் ஸ்கோர் சொல்லாததை அது சொல்லும். வார இறுதிப் படிப்பு என்றால் வகுப்பு நாட்களுக்கு விடுப்பு தருவோம் என்று கம்பெனி தரும் கடிதத்தையும் பல பள்ளிகள் கேட்கும். ஹெச்ஆர் கையெழுத்து வர மாதங்கள் ஆகலாம், ஆகவே தேர்வுத் தேதி போட்ட அன்றைக்கே அந்த மெயிலையும் அனுப்பிவிடுங்கள்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றால் ஸ்கோர் தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிட்டது. அங்கே அதைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். கேட்டால் இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, இந்தப் படிப்பு முடிந்ததும் உங்கள் கம்பெனியில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்ற பேச்சுக்கு வந்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் அவர்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.